ஆறு பேசாது, பாடியவன் பேசினான்!

பாட்டு ஒன்று. பாடியவர் பல நூறு பேர். ஆனால், ஒரே ஒருவர் பாடியபோதுதான் அந்தப் பாட்டு புரண்டு எழுந்தது. மெட்டை அவர் மாற்றவில்லை, தாளத்தைத் தொடவில்லை. நாலைந்து இடங்களில் சொல்லை மாற்றினார், அவ்வளவுதான். அதுவரை அழுதுகொண்டிருந்த பாட்டு அன்றிலிருந்து முழங்கத் தொடங்கிற்று.

அமெரிக்க இசை நாடக மேடையில் பிறந்த 'ஓல் மேன் ரிவர்' என்ற பாட்டைத்தான் குறிப்பிடுகிறோம். 'ஆற்றுக் கிழவன்' என்று நம் மொழியில் சொல்லிக்கொள்ளலாம். அதைப் புரட்டிப் பாடியவர் பால் ராப்சன்.

பாட்டைக் கேட்டோமா, தலையை அசைத்தோமா, வீட்டுக்குப் போய்ப் படுத்தோமா என்றில்லாமல் அதற்குள் புகுந்து பொருள் தேடுவானேன் என்று கேட்கும் கனவான்கள் உண்டு. அவர்கள் கேட்கலாம். மெத்தை நாற்காலியில் சாய்ந்து கேட்பவருக்குப் பாட்டு காதோடு முடிந்துபோகும். மூட்டை சுமப்பவனைப் பற்றிய பாட்டை மூட்டை சுமப்பவனே கேட்டால்? 'இது என்னைப் பற்றி என்ன சொல்கிறது? என்னை எழுந்து நிற்கச் சொல்கிறதா, குந்தியிருக்கச் சொல்கிறதா?' என்று அவன் கேட்பான். கேட்கத்தான் வேண்டும். கூலியிலே அரையணா குறைந்தால் கணக்குக் கேட்கிற நாம், நம்மைப் பற்றிய பாட்டிலே மானம் குறைந்தால் கேட்காமல் இருப்பதா?

1927 டிசம்பர் 27. நியூயார்க் நகரத்து சீக்ஃபெல்ட் அரங்கில் 'ஷோ போட்' என்ற இசை நாடகம் அரங்கேறிற்று. எட்னா ஃபெர்பர் என்ற அம்மையார் 1926-இல் வெளியிட்ட நாவல்தான் மூலம். இசை ஜெரோம் கெர்ன்; வசனமும் பாட்டும் ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன். அதுவரை அந்த ஊர் இசை நாடகம் என்றால் பட்டுப் பாவாடை, பளபளக்கும் விளக்கு, வரிசை வரிசையாக ஆடும் அழகிகள், இடையிடையே அசட்டுச் சிரிப்பு. திரை விலகியதும் அன்று கண்டதோ வேறு காட்சி. மிசிசிப்பி ஆற்றங்கரை, பஞ்சுப் பொதிகளை அடுக்கிக்கொண்டிருக்கும் கறுப்பினத் தொழிலாளர் கூட்டம். சீமான்களும் சீமாட்டிகளும் விலை கொடுத்து வாங்கிய நாற்காலியில் அமர்ந்து, தம் சட்டைக்குப் பஞ்சு தந்தவனின் முதுகை முதன்முதலாகப் பார்த்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

நாடகப் படகு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறோம். ஆற்றிலே மிதக்கும் கொட்டகை அது. ஊர் ஊராகக் கரை ஒதுங்கி, நாடகம் போட்டு, காசு வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகும். அப்படிப்பட்ட படகுக்காரக் குடும்பத்தின் நாற்பதாண்டுக் கதை இது. அந்தக் கதையிலே ஒரு கட்டம் சொல்லத் தக்கது. படகின் முதன்மை நடிகை ஜூலி. பார்த்தால் வெள்ளைக்காரி. ஆனால், அவள் உடம்பிலே கறுப்பினத் தாயின் குருதியும் ஓடுகிறது. அவள் கணவன் ஸ்டீவ் வெள்ளையன். இரு இனத்தார் மணப்பது அங்கே குற்றம். கைது செய்ய ஷெரிஃப் வருகிறான். ஸ்டீவ் என்ன செய்தான்? கத்தியை எடுத்தான், மனைவியின் கையைக் கீறினான், வழிந்த குருதியை உறிஞ்சி விழுங்கினான். 'என் உடம்பிலும் கறுப்புக் குருதி இருக்கிறது' என்று சத்தியம் செய்தான்! ஒரு துளி இருந்தாலும் கறுப்பன் என்பது அவர்கள் வகுத்த விதி. அந்த விதியைக் கொண்டே விதியை மடக்கினான். ஆனாலும் இருவரும் படகை விட்டு இறங்கத்தான் நேர்ந்தது. இது வெறுங்கதைக்காகக் கட்டியதன்று. அத்தகைய மணத்தடைச் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதென்று அடித்தது 1967-இல். நாடகம் அரங்கேறி நாற்பது ஆண்டுகள் கழித்து!

அந்த நாடகத்தில் ஜோ என்றொரு பாத்திரம். படகிலும் துறையிலும் பாடுபடும் கறுப்பினத் தொழிலாளி. கதையை நடத்துபவன் அல்லன் அவன். காதல் இல்லை அவனுக்கு, சூது இல்லை, செல்வம் வருவதும் போவதும் இல்லை. ஆனால், நாடகத்தின் உயிர்ப்பாட்டு அவன் வாயில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் பாடுகிறான்; இடையிலே மறுபடி ஒலிக்கிறது; முடிவிலும் ஒலிக்கிறது. மற்றவர்கள் வாழ்வார்கள், தாழ்வார்கள், சிகாகோ போவார்கள், திரும்பி வருவார்கள். ஜோவின் தலை மட்டும் நரைக்கிறது. வேலை? அதே வேலை.

என்ன பாடுகிறான் ஜோ? இந்தக் கிழட்டு ஆற்றுக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும். ஆனால் வாய் திறக்க மாட்டேன் என்கிறது. பேசாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது என்கிறான். ஆறு பயிர் வைப்பதில்லை, பஞ்சு வைப்பதில்லை. வைத்தவர்களோ மறக்கப்படுகிறார்கள், வைக்காத ஆறு நிலைத்து நிற்கிறது என்கிறான். வேர்க்க வேர்க்க இழுக்கிறோம், தூக்குகிறோம், முதுகு ஒடிகிறது. வெள்ளை முதலாளியின் முகம் சுளிக்கக் கூடாதென்று குனிந்த தலை நிமிராமல் உழைக்கிறோம். கொஞ்சம் குடித்துவிட்டாலோ சிறை என்கிறான். கடைசியில் வாழவும் சலித்துவிட்டது, சாகவும் அச்சமாக இருக்கிறது, ஆறு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று முடிக்கிறான்.

மேலெழுந்தவாரியாகக் கேட்டால் இது ஒரு பெருமூச்சு. அவ்வளவு எளிதாக விட்டுவிட வேண்டாம்.

முதலில் இசையைப் பாருங்கள். இசை இலக்கணம் படித்தவர்கள் அல்லர் நாம். இதைப் புரிந்துகொள்ள அது தேவையும் இல்லை. அந்தப் படகின் பெயர் 'காட்டன் பிளாசம்', அதாவது பருத்திப் பூ. படகு கரைக்கு வரும்போது ஊரார் குதூகலமாக அந்தப் பெயரைச் சொல்லிப் பாடுவார்கள். நான்கே சுரம், துள்ளி இறங்கும். அந்த நான்கு சுரத்தையும் கவிழ்த்துப்போட்டு, நடையை மெதுவாக்கினார் கெர்ன். இறங்கியது ஏறிற்று, அதுதான் ஆற்றுக் கிழவன் மெட்டின் முதல் அடி! திருவிழாப் பாட்டும் கூலிக்காரன் பாட்டும் ஒரே துணியின் இரு பக்கம். மேற்பக்கம் சரிகை, புரட்டினால் முடிச்சு. பஞ்சுப் பூவின் பேரால் அவர்கள் ஆடுவது, பஞ்சுப் பொதியின் பாரத்தால் இவன் வாடுவதன் மறுபக்கம் என்று சொல்லாமல் சொல்லிவிட்டார் இசைஞர். சொல்லாமல் சொன்னதைக் கேட்காமல் கேட்டவர்களே அரங்கில் மிகுதி என்பது வேறு செய்தி.

இன்னொன்று. பாட்டு அடித்தொண்டையில் தொடங்குகிறது, தரையோடு தரையாக. முடியும்போது ஒன்றரை ஸ்தாயிக்கு மேல் ஏறிவிடுகிறது. சொல்லோ சலிப்பைச் சொல்கிறது. மெட்டோ மேலே மேலே ஏறுகிறது. அலுத்துப்போனவன் இப்படியா பாடுவான்? மூட்டையைத் தரையிலிருந்து தூக்கித் தோளுக்கு ஏற்றுபவன் பாடுகிற மெட்டல்லவா இது! சொல்லுக்கும் மெட்டுக்கும் நடந்த இந்தச் சண்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ராப்சன் வந்து தீர்த்துவைத்தது இதைத்தான்.

எழுதிய ஹேமர்ஸ்டைனைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒதுங்கிப்போகும் மனத்தின் பாட்டு, உள்ளே எதிர்ப்பு மறைந்திருக்கும் பாட்டு என்பதே அவர் தந்த விளக்கத்தின் சாரம். மறுக்க மாட்டோம். 1927-இல், வெள்ளையர் அரங்கிலே, வெள்ளையர் ஆடுகிறார்கள், கறுப்பர் உழைக்கிறார்கள் என்று நேருக்கு நேராகப் பாட வைத்தாரே, அது சிறு துணிவன்று. ஆனால், மறைந்திருக்கும் எதிர்ப்பிலே ஒரு தொல்லை உண்டு. மறைத்து வைத்ததை மறைந்தே இருக்க விட்டுவிடுவதற்குப் பலருக்கு வசதியாகப் போய்விடும்.

அதே 1927-இல் அந்த உண்மையான மிசிசிப்பி என்ன செய்தது தெரியுமா? ஏப்ரல் 21 அன்று கிரீன்வில் நகரத்துக்கு வடக்கே, மௌண்ட்ஸ் லேண்டிங் என்ற இடத்தில் கரை உடைத்துக்கொண்டது. அந்த ஆண்டு வெள்ளத்தில் சற்றேறக்குறைய 27,000 சதுர மைல் நிலம் மூழ்கிற்று. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். கரை உடையும் முன் மணல் மூட்டை போட்டுக் காத்தவர்கள் யார்? கறுப்பினத் தொழிலாளர்கள், பல இடங்களில் துப்பாக்கி முனையில். உடைந்த பிறகு கிரீன்வில் கரைமேட்டிலே பல்லாயிரம் கறுப்பின மக்கள் அடைந்து கிடந்தனர். மீட்க நீராவிக் கப்பல்கள் வந்தன. வெள்ளையரை ஏற்றிக்கொண்டு போயின. கறுப்பரை ஏற்ற வேண்டாம் என்றனர் தோட்ட முதலாளிகள். ஏன்? போனவன் திரும்பி வராவிட்டால் பஞ்சு எடுப்பது யார்! முகாமிலே அவரவர் கழுத்தில் அட்டை. எந்த முதலாளியின் ஆள் என்று அதில் குறிப்பு.

அந்தச் சேறு உலர்ந்து சில திங்களுக்குள் நியூயார்க் மேடையிலே ஆறு ஒன்றும் பேசாமல் ஓடிற்று! நாடகத்தின் ஆறு ஒரு ஞானி. எல்லாம் அறிந்தும் மௌனம் காக்கும் முனிவர். நாட்டின் ஆறோ யாரை மேட்டில் வைத்திருக்கிறார்கள், யாரைப் பள்ளத்தில் வைத்திருக்கிறார்கள் என்று ஊருக்கெல்லாம் உரக்கச் சொல்லிவிட்டது. ஆறு பேசாது என்பது கவிஞர் கற்பனை. ஆற்றைக் காட்டி, 'எல்லாம் இயற்கை, எல்லாம் விதி' என்று மனிதரைப் பேசாமல் இருக்கச் செய்வதுதான் பழைய தந்திரம். வெள்ளம் இயற்கை, அட்டையும் துப்பாக்கியும் இயற்கையா?

சிறை பற்றிய அந்த அடியையும் சற்று நின்று பார்ப்போம். குடித்தால் சிறை என்று கேட்டதும் அரங்கிலே சிலர் முறுவலித்திருப்பார்கள். கூலிக்காரன் குடிப்பான், பிடித்துப் போடுவார்கள், சரிதானே என்று. தென் மாநிலங்களிலே சிறை என்பது வெறும் சிறையன்று. அடிமை முறை ஒழிந்ததாக அறிவித்த பிறகு, வேலையில்லாமல் திரிந்தான், முறைத்துப் பார்த்தான் என்று எதையாவது சொல்லிப் பிடிப்பது. பிடித்தவனைச் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் குத்தகைக்கு விடுவது என்று ஒரு வழி கண்டார்கள். கைதிகளைத் தனியாருக்கு வாடகைக்கு விடும் இந்த முறையைக் கடைசியாகக் கைவிட்ட மாநிலம் அலபாமா, ஆண்டு 1928. நாடகம் அரங்கேறி ஓடிக்கொண்டிருந்த ஆண்டு! மிசிசிப்பி மாநிலமோ தானே பார்ச்மன் என்ற சிறைப்பண்ணை வைத்துப் பஞ்சு விளைவித்தது. ஆகவே, ஜோ சிறைக்குப் போவதும் வேலைக்குப் போவதும் ஒன்றுதான். சம்பளம் மட்டும் கிடையாது. ஒரு குவளைச் சாராயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு இதையெல்லாம் தாண்டிப் போகிறது பாட்டின் பழைய அடி.

பாட்டு வெளியே கிளம்பிற்று. என்ன ஆயிற்று அதற்கு? 1928-லேயே பால் ஒயிட்மன் குழுவினர் அதைத் துள்ளல் நடையில் இசைத்தட்டாக்கினர். பாடியவர் பிங் கிராஸ்பி. முதுகொடிய உழைப்பவன் பாட்டுக்குச் சோடி சோடியாக நடனம்! 1946-இல் கெர்னின் வாழ்க்கையைப் படமாக எடுத்தார்கள். அதிலே ஃபிராங்க் சினாட்ரா அதே பாட்டைப் பாடுகிறார். வெள்ளை உடை; வெள்ளை மேடை; சுற்றிலும் வெள்ளை உடுத்திய வாத்தியக்காரர்கள். பொதி எங்கே? வியர்வை எங்கே? சலவை செய்து விட்டார்கள், தோழர்களே, பாட்டைச் சலவை செய்து விட்டார்கள்! நல்ல குரல்தான் சினாட்ராவுக்கு, அதை மறுப்பானேன். உப்பில்லாத கடலைக் காட்டினால் எவ்வளவு அழகாகக் காட்டினாலும் கடலாகுமா?

இதைவிட வேடிக்கை ஒன்று. இது கறுப்பின மக்கள் அடிமைக் காலம் முதல் பாடிவந்த பழம்பாட்டு என்று நம்பியவர்கள் பலர். நியூயார்க்கில் இரண்டு வெள்ளையர் உட்கார்ந்து எழுதிய பாட்டு, தெற்கே பொதி சுமந்தவன் நெஞ்சிலிருந்து தானாக ஊறியதென்று பேர் வாங்கிவிட்டது. அப்படிப் பேர் வாங்கியதால் நேர்ந்த கேடு என்ன? 'பாருங்கள், அவனே சொல்லிவிட்டான், சலித்துப்போயிற்று என்று. எதிர்த்துப் போராடும் எண்ணமே அவனுக்கு இல்லை' என்று கூற வழியாயிற்று. மக்கள் பாட்டு வேறு. மக்களைப் பற்றிய பாட்டு வேறு.

ராப்சனிடம் வருவோம்.

1898-இல் பிரின்ஸ்டன் நகரில் பிறந்தவர். தந்தை வில்லியம் ட்ரூ ராப்சன் வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்து, பதினைந்து வயதில் தப்பி ஓடி, பின்னர் படித்துப் பாதிரியாரானவர். மகன் ரட்கர்ஸ் கல்லூரியில் படிப்பிலும் முதல், பந்தாட்டத்திலும் முதல். கொலம்பியாவில் சட்டம் பயின்றார். ஆறடிக்கு மேல் உயரம். அடிவயிற்றிலிருந்து எழும் குரல். ஜோ பாத்திரத்தை எழுதும்போதே அவரைத்தான் மனத்தில் வைத்திருந்தார்கள். காலம் தள்ளிப்போனதால் நியூயார்க்கில் முதலில் பாடியவர் ஜூல்ஸ் பிளெட்சோ. 1928 மே மாதம் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் ராப்சன் ஜோவாக வந்தார். 1932-இல் நியூயார்க்கிலும் பாடினார். 1936-இல் திரைப்படமும் வந்தது.

அந்தப் படத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆற்றங்கரையில் உட்கார்ந்து ராப்சன் பாட, பொதி சுமக்கும் அவர் முதுகையும் சிறைக்கம்பிக்குள் அவர் முகத்தையும் காட்டுகிறார்கள். மெய்சிலிர்க்கும் காட்சி. ஆனால், அதே படத்துக்கென்று புதிதாக வேறொரு பாட்டும் எழுதிச் சேர்த்தார்கள். அதிலே ஜோவின் மனைவி அவனைச் சோம்பேறி என்று வைகிறாள். அவன் அதை ஒப்புக்கொண்டு சிரிக்கிறான்! ஒரு பாட்டில் உழைத்து முதுகு ஒடிகிறான். மறு பாட்டில் வேலை செய்ய மாட்டாத சோம்பேறி. எது உண்மை? உழைப்பை வாங்கிக்கொண்டு உழைப்பவனுக்குச் சோம்பேறிப் பட்டம் கட்டுவது எல்லா நாட்டு முதலாளிகளுக்கும் கைவந்த கலை. ஒரே படத்தில் இரண்டையும் வைத்தது ஹாலிவுட்டின் கைவண்ணம்.

ராப்சன் அப்படியே இருந்திருந்தால் பணமும் புகழும் குவிந்திருக்கும். இருக்கவில்லை. 1920-களின் இறுதியில் லண்டன் தெருவில் வேலையிழந்த வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் பாடிக்கொண்டே ஊர்வலமாக வருவதைக் கேட்டு, தாமும் அவர்களோடு சேர்ந்து நடந்தார். அன்று தொடங்கிய உறவு இறுதிவரை அறவில்லை. 1937-இல் ஆல்பர்ட் மண்டபத்தில், ஸ்பெயின் நாட்டு அகதிக் குழந்தைகளுக்காக நடந்த கூட்டத்தில், கலைஞன் சுதந்திரத்தின் பக்கமா அடிமைத்தனத்தின் பக்கமா என்று முடிவு செய்தாக வேண்டும், தாம் முடிவு செய்துவிட்டதாக அறிவித்தார். 1938-இல் ஸ்பெயின் போர்முனைக்கே சென்று குடியரசுப் படையினர் முன் பாடினார். அங்கே காயக்கட்டோடு உட்கார்ந்திருப்பவனிடம் போய், வாழச் சலித்தது, சாக அச்சம் என்றா பாடுவது?

1930-களின் பிற்பாதியில்தான் சொற்களை மாற்றத் தொடங்கினார். மாற்றங்கள் மெல்ல மெல்ல வந்தவை. ஒரே நாளில் வந்தவையல்ல. என்னென்ன?

முதலாவது, கறுப்பரைக் குறிக்கும் இழிசொல். நாடகத்தின் தொடக்கப் பாட்டிலேயே முதல் சொல்லாக வந்து விழுந்த சொல் அது. ராப்சன் அதை உதறினார். பின்னாளில் நாடகக்காரர்களும் ஒவ்வொரு மறு அரங்கேற்றத்திலும் வேறு வேறு சொல் போட்டுப் பார்த்து, கடைசியில் அந்த இடத்தையே வெட்டித் தள்ளினார்கள்.

இரண்டாவது மாற்றத்தைப் பலர் கவனிப்பதில்லை. மிசிசிப்பி என்ற அந்தக் கிழவனைப் போல் கவலையற்று இருக்க மாட்டேனா என்று ஏங்குவான் பழைய ஜோ. ராப்சன் ஒரு 'இல்லை'யைச் சேர்த்தார். அந்தக் கிழவனைப் போல் இருக்க எனக்கு விருப்பமில்லை! ஒரே சொல்தான், தோழர்களே. உலகம் எக்கேடு கெட்டாலும் தன்பாட்டுக்கு ஓடுவது ஞானம் என்று இருந்தது. அந்த ஒரு சொல்லால் அது குற்றமாகிவிட்டது. ஞானியாக இருந்த ஆறு, பக்கத்து வீடு எரியும்போது திண்ணையில் வெற்றிலை போடும் கிழவனாகிவிட்டது. நமக்குப் பிடித்த மாற்றம் இதுதான். மற்றவை கோபம், இது சிந்தனை.

மூன்றாவது, சிறை. கொஞ்சம் குடித்தால் சிறை என்றிருந்ததை, கொஞ்சம் துணிவு காட்டினால் சிறை என்று ஆக்கினார். மேலே சொன்ன குத்தகைச் சிறைகளையும் கழுத்தட்டைகளையும் நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். கைதியிடம் இருந்த பழி, கைது செய்தவனிடம் போய்ச் சேர்கிறது.

கடைசி, அந்த முடிவு. சலிப்பும் அச்சமும் இருந்த இடத்தில், அழுவதற்கு மாறாகச் சிரிப்பேன், சாகும் மட்டும் போராடுவேன் என்று வைத்தார். மெட்டு உச்சிக்கு ஏறும் இடம் அது. முன்பு மெட்டு ஏற, சொல் இறங்கிற்று. இப்போது இரண்டும் சேர்ந்து ஏறின. நாம் முன்னர் சொன்ன சண்டை தீர்ந்தது. இசை கெர்னுடையதே. ஆனால், அந்த இசை காத்திருந்த சொல் இப்போதுதான் வந்து சேர்ந்தது என்போம்.

ஹேமர்ஸ்டைன் இதை ஏற்கவில்லை. தாம் எழுதியதை மாற்ற ஒருவருக்கும் உரிமையில்லை என்பது அவர் கட்சி. எழுதுபவர்களுக்கு அந்த வருத்தம் இருப்பது இயல்பே. நாடகமாக நடிக்கும்போது ஜோ பழைய ஜோவாகவே இருப்பதிலும் ஒரு நியாயம் உண்டு. 1880-களில் மிசிசிப்பித் துறையில் ஒரு கூலிக்காரன் வாய் திறந்து போராட்டம் என்று சொல்லியிருந்தால் மாலைக்குள் மரத்தில் தொங்கியிருப்பான். அவன் சலிப்பு அன்றைய உண்மை. அதை மறைத்தால் அன்றைய கொடுமையையும் மறைத்ததாகும். ஆகவே நாடகத்தில் நாடகப்படி பாடட்டும். ஆனால், மேடையில் தனியாக நின்று பாடும் ராப்சன் ஜோ அல்லர். அவர் அடிமையின் மகன். தம் தந்தை தப்பி ஓடியதை அறிந்தவர். தப்பி ஓடியவரின் மகனை, சலித்துவிட்டதாகப் பாடு என்று சொல்ல எந்தப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு உரிமை இருக்கிறது? அந்த அடிகளுக்கு ஹேமர்ஸ்டைன் மை கொடுத்தார். ராப்சன் கொடுத்த விலை வேறு.

துணிவு காட்டினால் சிறை என்று பாடியவருக்கு நாடே சிறையாயிற்று. 1949 ஆகஸ்டில் நியூயார்க்கை அடுத்த பீக்ஸ்கில்லில் அவர் பாடவிருந்த கச்சேரியை வெறிக்கும்பல் அடித்துக் கலைத்தது. செப்டம்பர் 4-ஆம் நாள் மறுபடி கூடினார்கள். தொழிற்சங்கத் தோழர்கள் மைதானத்தைச் சுற்றிக் கைகோத்து அரணாக நின்றார்கள், ராப்சன் பாடினார். வீடு திரும்பியவர்களின் வண்டிகள் மீது கல்மாரி பொழிந்தது. 1950-இல் கடவுச்சீட்டைப் பறித்தார்கள். வெளிநாடு போக முடியாது. உள்நாட்டில் மண்டபம் கிடைக்காது. 1952-இல் கனடா எல்லையிலே சுரங்கத் தொழிலாளர் சங்கம் ஒரு வழி கண்டது. எல்லைக்கோட்டுக்கு இந்தப்புறம் ஒரு லாரி. அதன் மேல் நின்று பாடினார் ராப்சன். அந்தப்புறம் கனடா மண்ணில் பல்லாயிரம் பேர் கேட்டார்கள். கால் கோட்டைத் தாண்டவில்லை. குரலுக்குக் கடவுச்சீட்டு ஏது! 1957-இல் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் விழாவுக்குக் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாகவே பாடினார். அங்கிருந்து அவர்கள் சேர்ந்து பாடியது அதே கம்பி வழியாக அவர் காதுக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் நிறுத்தி, ரஷ்யாவிலேயே தங்கிவிட வேண்டியதுதானே என்று கேட்டார்கள். என் தந்தை அடிமை. இந்த நாட்டைக் கட்டியெழுப்ப என் மக்கள் உயிர் கொடுத்தார்கள். இங்கேதான் இருப்பேன் என்ற பொருள்பட விடையிறுத்தார். 1958-இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் தந்த தீர்ப்பால்தான் கடவுச்சீட்டு திரும்பிற்று.

இந்தப் பாட்டின் பொருள் இங்கேயும் நிற்கவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்கப் போன அசாம் நாட்டு இளைஞர் பூபேன் ஹசாரிகா நியூயார்க்கில் ராப்சனைச் சந்தித்தார். அந்தப் பாட்டு அவர் நெஞ்சில் தைத்தது. ஊர் திரும்பி அசாமிய மொழியில் 'பிஸ்தீர்ண பாரரே' என்ற பாட்டைப் படைத்தார். பின்னர் அது வங்காளத்திலும் இந்தியிலும் கங்கையைப் பார்த்துப் பாடும் பாட்டாக நாடெங்கும் பரவிற்று. மொழிபெயர்ப்பு என்று எண்ணிவிடாதீர்கள். ஹேமர்ஸ்டைனின் ஜோ ஆற்றைப் பார்த்து ஏங்கினான். ராப்சன் ஆற்றைப் போல் இருக்க மறுத்தார். ஹசாரிகாவோ ஆற்றையே கூண்டில் ஏற்றிவிட்டார். இரு கரையிலும் இத்தனை பேர் அல்லற்படும்போது நீ மட்டும் எப்படி வாளாவிருந்து ஓடுகிறாய் என்பது அவர் கேள்வி. ஏக்கம், மறுப்பு, கேள்வி என ஒரே ஊற்றிலிருந்து மூன்று வாய்க்கால்.

கடவுச்சீட்டு கிடைத்த பிறகு ராப்சன் மேற்கொண்ட பயணங்களிலே ஒன்று ஆஸ்திரேலியா. 1960 நவம்பர். சிட்னி நகரத்துத் துறைமுக முனையிலே ஓபரா மாளிகை எழுந்துகொண்டிருந்த காலம். இன்று உலகம் படம் பிடித்துக்கொண்டு போகும் அந்த வெண்கூரைகள் அன்று இல்லை. கற்காரையும் கம்பியும் சாரமும்தான். கட்டடத் தொழிலாளர் சங்கத்தார் அழைத்திருந்தார்கள். சாப்பாட்டு நேரம். அறுபத்திரண்டு வயது ராப்சன் அந்தப் புழுதியிலே நின்று பாடினார். திறப்பு விழாவுக்கு இன்னும் பதின்மூன்று ஆண்டு இருந்தது. அரசியார் வந்து திறந்துவைத்தது 1973-இல். சீமான்கள் நுழைவதற்கு முன்பே அந்த மாளிகையில் கொத்தனாருக்கும் கம்பி கட்டுபவருக்கும் கச்சேரி நடந்து முடிந்துவிட்டது. ஆற்றுக் கிழவனையும் பாடினார். கையிலே சாப்பாட்டுப் பொட்டலத்தோடு சிலர் தரையில் நின்றார்கள்; சிலர் கேட்பதற்கென்றே சாரத்தில் ஏறிக் குந்தினார்கள். பாட்டு முடிந்ததும் ஒருவர் தம் வேலைக் கையுறையைக் கழற்றி நீட்டினார், கையெழுத்துப் போட்டுத் தரும்படி.